கடைசி வீட்டு வோல்டேஜ்

நான் ஓய்வு பெற்ற மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் இப்போது பொறியாளராக இருக்கும் கீர்த்தனா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். இனிமேல் ஒவ்வொரு வீட்டு மீட்டரும் தன் வோல்டேஜைத் தானே ஆபீஸுக்குச் சொல்லிவிடுமாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எந்தத் தெருவில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாமாம். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காபி குடித்து முடித்த பிறகு கேட்டாள்: "ஏனுங்க மேடம், வோல்டேஜ் கம்ப்ளைன்ட்டுன்னா நீங்க அந்த ஊட்டுலயே போய் உக்காந்துக்குவீங்கன்னு முருகேசண்ணன் சொல்றாருங்க. அங்க உக்காந்து என்னங்க பண்ணுவீங்க?"

சிரித்துவிட்டேன். "பேசிக்கிட்டு இருப்போம்" என்றேன். அவள் விடவில்லை. எழுதிக் கொடுங்கள், எங்கள் குரூப்பில் போடுகிறேன் என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்தவள். மேச்சேரிப் பக்கம் பயிற்சி, ராசிபுரம் பக்கம் முதல் வேலை, அப்புறம் வெண்ணந்தூரைச் சுற்றியுள்ள தறிக்கார ஊர்கள், கடைசியில் நாமக்கல். சேலையோடு கம்பம் ஏற முடியாமல் சுடிதாருக்கு மாறியதும், அதற்காக என் மாமியார் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்ததும், பிறகு அவரே துணி எடுத்துவந்து தைக்கக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர்கள் லைன்மேன்கள். பெண் என்று ஒதுக்காமல், பெண் என்று சலுகையும் காட்டாமல் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நன்றியைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

ஆனால் வோல்டேஜைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றது ஐம்பது வயதைத் தாண்டித்தான். கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்.

இளங்கோவன் சார் எங்களுக்கு உதவி செயற்பொறியாளராக மாற்றலாகி வந்தார். ஆத்தூருக்குக் கிழக்கே சொந்த ஊர். அவர் பேச்சில் எங்கள் ஊர் 'ங்க' கிடையாது. நாங்கள் "ஆமாங்க சார்" என்றால் அவர் "ஆமா" என்பார், "சரி" என்பார். வந்த புதிதில் லைன்மேன்களுக்கு அது சுருக்கென்று பட்டது. "மட்டு மருவாதி இல்லாத மனுசனா இருக்காரே" என்று முருகேசன் என்னிடமே வந்து சொன்னார். முருகேசன் எங்கள் மூத்த லைன்மேன்.

மரியாதையை இளங்கோவன் சார் வேறு இடத்தில் வைத்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. கம்பத்தில் ஆள் ஏறினால் கீழே நிழல் தேடிப் போக மாட்டார். கடைசி ஆள் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை வெயிலிலேயே நிற்பார். புகார் கொடுத்தவர் பேசும்போது குறுக்கே பேச மாட்டார். அவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வந்து விழும்.

வோல்டேஜ் இல்லை என்று புகார் வந்தால் எங்கள் வழக்கம் என்ன? நேரே ட்ரான்ஸ்பார்மருக்குப் போவோம். அங்கே மீட்டரை வைப்போம். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டும், இருக்கும். "எங்க பக்கம் சரியாத்தானுங்க இருக்குது, உங்க வயரிங்கைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அது பொய்யும் இல்லை. இளங்கோவன் சார் வந்ததும் இதை மாற்றினார். "மேடம், ட்ரான்ஸ்பார்மர்கிட்ட நல்லா இருந்தா நமக்கு நிம்மதி. கடைசி வீட்ல நல்லா இருந்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி. நாம கடைசி வீட்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் தென்றல் நகர்.

எருமப்பட்டி சாலையில் நாமக்கல்லைத் தாண்டி ஒரு புது லேஅவுட். ஒரே நீளத் தெரு. ட்ரான்ஸ்பார்மர் தெருமுனையில். அங்கிருந்து கம்பி போய்க்கொண்டே இருக்கும். தெருவின் கடைக்கோடியில் இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல, நடுவே ஒரு மதில். ஒன்றில் கருப்பண்ணன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்து, மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். மாடி முழுக்க சோலார் போட்டிருந்தார். இன்னொன்றில் சுலோச்சனா அம்மாவும் அவர் கணவர் பழனிசாமியும். பழனிசாமி நூல்மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியில் நின்றவர். நுரையீரல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டில் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாய். அந்த மெஷினுக்கு வோல்டேஜ் ஏறினாலும் ஆகாது, இறங்கினாலும் ஆகாது.

அங்கே இரண்டும் நடந்தது. மத்தியானம் ஏறியது, சாயங்காலம் இறங்கியது. ஒருநாள் மத்தியானம் மெஷினின் உள்ளே போர்டு எரிந்துபோனது. அதை மாற்றி வாங்குவதற்குள் சிலிண்டர் வைத்தே சமாளித்திருக்கிறார்கள். சோலார் வந்த பிறகுதான் இப்படி என்று சுலோச்சனா அம்மா மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட, கருப்பண்ணன் அந்தப் பக்கம் நின்று பதில் சத்தம் போட, அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றாக வேன் வைத்துப் பழனிக்குப் போய் வந்தவர்கள்.

நாங்கள் போனது நல்ல வெயில் நேரம். சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை.

"சொல்லுங்கம்மா."

"என்னத்தங்க சொல்றது. பக்கத்து ஊட்டுச் சோலாரு கெட்ட கரண்டை அனுப்புதுங்க. வெயில் ஏற ஏற இந்த ஸ்டெபிலைசரு டக்கு டக்குன்னு அடிச்சுக்குது. நான் சோத்துல கை வெக்கறதா, மெஷினைப் பாக்கறதா? பொழுது சாய்ஞ்சா அப்பறம் வேற கூத்து. எல்லா ஊட்டுலயும் லைட்டு, ஏ.சி. போட்டாங்கன்னா மெஷின் கத்த ஆரம்பிச்சுருமுங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினார். சார் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கட்டிலிலிருந்து பழனிசாமி மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "மழ மூட்டமா இருந்தா... மத்தியானம்... ஒண்ணும் பண்றதில்லீங்க."

சார் என்னைப் பார்த்தார். அதுதான் எங்களுக்கு வேண்டியது. மேகம் மூடினால் சோலார் குறையும், வோல்டேஜும் அடங்கும். அப்படியானால் சோலாருக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் பங்கு எவ்வளவு?

"பக்கத்து வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிடணும்" என்றார் சார்.

"அவரு இந்தப் படி ஏற மாட்டாருங்க" என்றார் சுலோச்சனா அம்மா.

நானே போய்க் கூப்பிட்டேன். கருப்பண்ணன் கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டார்: "கெவருமென்ட்டே போடச் சொல்லுது, போட்டேன். நான் என்னங்க மேடம் கரண்டைத் திருடறனா? அனுப்பத்தானே செய்யறேன்?" எதையும் நிறுத்தச் சொல்ல வரவில்லை, உங்கள் கண்ணால் ஒன்றைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். முனகிக்கொண்டே வந்தார். வாசல்படியோடு நின்றுகொண்டார். சார் நாற்காலியை விட்டு எழுந்து, மீட்டரை அவர் முகத்துக்கு நேராகத் தெரியும்படி வைத்தார். இருநூற்று அறுபதைத் தாண்டி நின்றது.

"இப்ப உங்க சோலாரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

அவர் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னார். எண் இறங்கியது. ஆனால் கொஞ்சம்தான். சுலோச்சனா அம்மா முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தெருவில் சோலார் போட்ட மற்ற வீடுகளுக்கு முருகேசனை அனுப்பி ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, எல்லாம் நின்ற பிறகும் இருநூற்று ஐம்பதில் வந்து நின்றுவிட்டது.

கருப்பண்ணன் குரல் உயர்ந்தது. "பாத்தீங்களா? அப்ப நான் மட்டும் இல்லீங்களே!"

"நீங்க மட்டும் இல்ல" என்றார் சார். "ஆனா நீங்களும்தான்."

சார் அதை அதட்டலாகச் சொல்லவில்லை. கணக்கில் விடையைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு இரண்டு பேரையும் பார்த்து விளக்கினார். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறது என்று, சோலாரெல்லாம் வருவதற்கு முன்பே ட்ரான்ஸ்பார்மரில் டேப்பை ஏற்றி வைத்திருக்கிறார்கள். டேப் என்பது அங்கிருந்து கிளம்பும் வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அமைப்பு. அன்றைக்கு அது சரியான வேலைதான். இப்போது பகலில் சோலார் அதன் மேல் ஏறி உட்கார்கிறது. டேப்பை இறக்கினால் மத்தியானம் சரியாகும், சாயங்காலம் இருட்டாகும்.

"அப்ப இதுக்கு வழியே இல்லீங்களா?" என்றார் சுலோச்சனா அம்மா.

"இருக்கு. அதுக்கு முன்னாடி கம்பத்தைப் பாக்கணும்."

கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகள். மூன்றுக்கும் வீடுகளைச் சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். புது வீடு வர வர அவசரத்தில் கைக்கு எட்டுகிற கம்பியிலேயே இணைப்புக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். தெருவின் கடைசிப் பாதி முக்கால்வாசி ஒரே பேஸில் தொங்கியது. சோலாரும் அதில்தான், சாயங்கால ஏ.சி.யும் அதில்தான், பழனிசாமியின் மூச்சும் அதில்தான்.

அன்றே அந்த வீட்டையாவது வேறு பேஸுக்கு மாற்றிவிடுவது என்று முடிவானது. பழனிசாமிக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, லைனை நிறுத்தும் அனுமதியான லைன் கிளியர் வாங்கினோம். ட்ரான்ஸ்பார்மரில் சுவிட்சைத் திறந்து பூட்டினோம். பியூஸ் கட்டைகளைக் கழற்றினோம். அவற்றை யாரிடமும் கொடுக்காமல் சார் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கம்பியில் மிச்ச மின்சாரம் இல்லாமல் டிஸ்சார்ஜ் ராடால் இறக்கி, எர்த் போட்டோம். முருகேசன் ஏணியைச் சாய்த்தார்.

"இருங்க" என்றார் சார். "எல்லா வீட்டுச் சோலாரும் நின்னுருக்கான்னு மறுபடி ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

"லைன்ல கரண்டு இல்லீன்னா அது தானா நின்னுக்குமுங்களே சார்" என்றார் முருகேசன்.

"நின்னுக்கும்னு புத்தகம் சொல்லுது. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

நானே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகே முருகேசனை ஏறவிட்டார். வேலை முடிந்து மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும், கருப்பண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். திரும்பும் வழியில் முருகேசன் என் காதோடு சொன்னார்: "ங்க போடாட்டியும் பரவால்லீங்க மேடம் இவரு."

மத்தியானத் தொல்லை பாதி குறைந்தது. முழுசாகத் தீர வேண்டுமென்றால் தெருவின் நடுவில் புதிதாக ஒரு ட்ரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். கம்பியின் நீளம் பாதியாகும். மூன்று பேஸுக்கும் வீடுகளைப் பிரிக்கலாம், டேப்பையும் இறக்கலாம். மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார் சார். வைக்கத்தான் இடம் இல்லை.

லேஅவுட் பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டிப் பேசினோம். ட்ரான்ஸ்பார்மர் வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. "எங்க ஊட்டு ஈசானிய மூலையில வருதுங்களே" என்றார் ஒருவர். "கொழந்தைங்க வெளையாடற எடமுங்க" என்றார் இன்னொருவர். நடுத்தெருவில் ஒரு காலி மனை இருந்தது. அது கருப்பண்ணனுடையது, மகளுக்கென்று வாங்கிப் போட்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மக ஊடு கட்டற எடமுங்க அது" என்றார் கருப்பண்ணன். "வாசல்ல ரெண்டு கம்பத்தையும் டிரம்மையும் நட்டு வெச்சா எவன் மதிப்பான்? என்னைய மட்டும் ஏனுங்க பாக்கறீங்க?"

கூட்டம் கலைந்தது. சுலோச்சனா அம்மா போகும்போது என் கையைப் பிடித்து, "உடுங்க அம்மணி. நீங்க பட்ட பாட்டுக்கே நாங்க கும்பிடோணும்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் காற்றும் மழையுமாக வந்தது. எருமப்பட்டி சாலையில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. நாங்கள் எல்லோரும் அங்கே நனைந்துகொண்டு நின்றோம். என் போன் அடித்தது. கருப்பண்ணன்.

"மேடம், பழனிசாமி மெஷின் நின்னு போச்சுங்க. சிலிண்டரு நேத்தே தீந்துருச்சாம், மாத்தப் போன வண்டி மழையில மாட்டிக்கிச்சு. அந்தம்மா மதிலைத் தட்டி அழுவுதுங்க. எங்க ஊட்டு யூ.பி.எஸ்ல இருந்து ஒயரை இழுத்துப் போடட்டுமுங்களா? அந்த மெஷினுக்கு ஆகுமுங்களா?"

மழைச் சத்தத்தில் கத்தினேன்: "பெட்டி மேல சைன் வேவ்னு போட்டிருக்குதான்னு பாருங்க. அது இல்லாத யூ.பி.எஸ். குடுக்கற கரண்டு மெஷினைக் கெடுத்துரும்."

போனை வைக்காமல் ஓடினார். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம்.

"போட்டிருக்குதுங்க! சைன் வேவ்!"

"அப்ப இழுங்க. மொதல்ல உங்க ஊட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க, எங்க ஆளுங்க லைன்ல நிக்கறாங்க, கரண்டு திரும்பி அங்க வந்துரக் கூடாது. நல்ல தடிமனான ஒயரா இருக்கோணும். உங்க ஊட்டு ஃபேன், டி.வி. எல்லாத்தையும் நிறுத்திருங்க, பேட்டரி நெம்ப நேரம் தாங்கோணும்."

"இருட்டுல உக்காந்துக்கறமுங்க. பட்டறையில லாரி பேட்டரி கெடக்குது, பையனை எடுத்தாரச் சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்ற சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கம்பம் நடும் ஆட்களிடம் போய், "கொஞ்சம் வேகமா முடியுமா பாருங்க, ஆனா ஒருத்தரும் அவசரப்படக் கூடாது" என்றார். இந்த இரண்டும் ஒன்றாக முடியாதே என்று சிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

கரண்டு வந்து, நாங்கள் தென்றல் நகருக்குப் போனபோது பொழுது இறங்கிவிட்டது. மதில் மேல் ஒரு தடித்த ஒயர், துணி காயப்போடும் கொடியில் கட்டி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தது. ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கரண்டு கொடுப்பது விதிப்படி குற்றம். அதை எழுதவேண்டியவர்கள் நாங்கள்தான்.

சார் மதிலைப் பார்த்தார். "மேடம், மதில் மேல ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலீங்க சார்."

"எனக்கும் தெரியல" என்று உள்ளே போனார்.

கருப்பண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. பழனிசாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார், நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. சுலோச்சனா அம்மா எங்கள் எல்லோருக்கும் டீ போட்டார். முதல் டம்ளரைக் கருப்பண்ணனிடம் நீட்டினார்.

அடுத்த வாரம் கருப்பண்ணன் ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு, வேண்டாமென்று நின்றுகொண்டே பேசினார்.

"அன்னைக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேனுங்க மேடம். அந்த மெஷின் புஸ்ஸு புஸ்ஸுன்னு உடுது. அது ஒரு வாட்டி கொஞ்சம் நேரங் கழிச்சு உட்டா, எனக்கு மூச்சு நின்னு போகுது. அந்தம்மா இதைத் தெனமும் கேட்டுட்டுத்தானே இருந்திருக்கு? நான் மதிலுக்கு அந்தப்பக்கம் ஃபேன் போட்டுப் படுத்திருந்தேன்." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "மககிட்டக் கேட்டுட்டேனுங்க. 'எடம் என்னப்பா, கரண்டு நல்லா வந்தா நானும்தானே அங்க வந்து குடியிருக்கப் போறேன்'னு சொல்லிட்டா. நட்டுக்குங்க. கேட்டுக்கு மட்டும் வழி உட்டுருங்க."

கேட்டுக்கு வழி விட்டுத்தான் நட்டோம். சாரே நின்று அளந்து குறி போட்டார். தெருவை மூன்று பேஸுக்கும் பிரித்தோம், சோலார் வீடுகளையும் அப்படியே பிரித்தோம், டேப்பை இறக்கினோம். அன்று மத்தியானமும் சாயங்காலமும் அந்தக் கடைசி வீட்டில் போய் உட்கார்ந்தோம். மீட்டர் மத்தியானம் முப்பத்தி ஆறைக் காட்டியது, சாயங்காலம் இருபத்தி நாலை. இருநூறைச் சேர்த்துச் சொல்வது எங்கள் பேச்சில் கிடையாது, கீர்த்தனாவுக்குத் தெரியும்.

பழனிசாமி அதைப் பார்க்கவே இல்லை. "ஸ்டெபிலைசரு சத்தத்தையே காணோமுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். அவர் பகலில் தூங்கி எவ்வளவோ காலம் ஆயிற்று என்று சுலோச்சனா அம்மா மெல்லச் சொன்னார். அவர் முழித்துக்கொள்ளக் கூடாதென்று நாங்களும் சத்தமில்லாமல் எழுந்து வந்தோம்.

இளங்கோவன் சார் பிறகு மாற்றலாகிப் போனார். கிளம்பும் அன்று லைன்மேன்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். "போயிட்டு வாரேனுங்க" என்று சார் எங்கள் பேச்சில் சொல்லிப் பார்த்தார். அது அவர் வாயில் சரியாகவே வரவில்லை. முருகேசன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒருவருக்குக் கீழே வேலை பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம். அவர் என்னைவிடச் சின்னவர் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான சந்தோஷம். அந்த வயதில் நம்மைத் திருத்த வருபவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிட மாட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், காலை நேரம், ஆபீஸில் கூட்டம். மீட்டர் ஓடவில்லை, கம்பி தொங்குகிறது, மோட்டாருக்குப் பேஸ் வரவில்லை என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுலோச்சனா அம்மா வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். நெற்றியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுந்து போனேன்.

"அவரு போயிட்டாருங்க அம்மணி" என்றார். "காரியமெல்லாம் முடிஞ்சுது. டாக்டரு முன்னாடியே சொன்னதுதானுங்க, நுரையீரல்ல ஒண்ணும் மிச்சமில்லீன்னு."

கையைப் பிடித்துக்கொண்டேன். கணக்கை மாற்ற வேண்டுமா, பெயர் மாற்றமா, நானே செய்து தருகிறேன் என்று என்னவோ சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. புது ட்ரான்ஸ்பார்மரு வந்ததுக்கப்பறம் கடைசி வரைக்கும் மெஷின் ஒரு நேரம்கூட நிக்கலீங்க. திணறாம, தூங்கறாப்பலயே போனாரு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பக்கத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அந்த ஆபீஸ் படியேறி வந்தவர்கள் எல்லோரும் கரண்டு இல்லை என்று சொல்லத்தான் வந்தார்கள். அந்தம்மாவைக் கண்டு எழுந்து நின்ற முருகேசன் உட்காரவே இல்லை. டீ சாப்பிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம், வெளியே ஆள் நிற்கிறது என்றார்.

வாசல்வரை கூடப் போனேன். வெயிலில் மொபட்டை நிறுத்திவிட்டுக் கருப்பண்ணன் காத்திருந்தார். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பின்சீட்டைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். "சூடா இருக்குமுங்க, பாத்து உக்காருங்க" என்று அந்தம்மாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "வாரேனுங்க மேடம்" என்றார்.